சித்திரையிலும் வாடாத வீட்டுத் தோட்டம்

(உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டைச் சுற்றி அழகான தோட்டம் அமைப்பது பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அழகான தோட்டம் என்றவுடன் பச்சைக் கம்பளம் போன்ற புல்தரை, ரோஜாச் செடிகள், வண்ணத் தொட்டிகள் ஆகியவை பலருக்கு நினைவுக்கு வரும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் கிணற்றை நம்பிப் பயிர் செய்யும் நமக்கு அந்தத் தோட்டம் ஒத்துவருமா என்பதை முதலில் எண்ணிப் பார்க்கவேண்டும்.

தை மாதத்தில் எல்லார் வீட்டுத் தோட்டமும் அழகாகத்தான் இருக்கும். கிணற்றில் நீர் இருக்கும், பனியும் இருக்கும். அதே தோட்டத்தைச் சித்திரையில் போய்ப் பார்த்தால் பாதிச் செடிகள் காய்ந்து குச்சியாக நிற்கும். மீதியைக் காப்பாற்ற வீட்டுப் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்துகொண்டிருப்பார்கள். வயல் வேலை, மாட்டு வேலை, சமையல் வேலை இவற்றோடு தோட்டத்துக்குத் தண்ணீர் சுமக்கும் வேலையும் அவர்கள் தலையில் விழுந்தால், அந்தத் தோட்டம் வீட்டுக்கு அழகு தராது; பாரமாகவே இருக்கும். இரண்டு கோடை இப்படிப் போனால் மூன்றாம் ஆண்டு தோட்டமே இருக்காது.

ஆகவே இன்று நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். தோட்டத்தின் அளவையும் அமைப்பையும் தை மாதத் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சித்திரை மாதத் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நம் வீட்டிலிருந்து அன்றாடம் வீணாக வெளியேறும் நீரே அந்தத் தண்ணீர்.

முதலில் தண்ணீர்க் கணக்கு

ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு வாளிக்குச் சற்றுக் கூடுதலாக, 20 லிட்டர் நீரில் குளித்தால் நாளொன்றுக்கு 100 லிட்டர் ஆகிறது. பாத்திரம் கழுவ 40 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 140 லிட்டர். வழியில் ஊறியும் ஆவியாகியும் 20 லிட்டர் போக, 120 லிட்டர் தோட்டத்துக்குக் கிடைக்கும். உங்கள் வீட்டுக் கணக்கு இதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம். ஒரு நாள் முழுவதும் வாளிகளை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனிச் செடிகளின் தேவையைப் பார்ப்போம். கடும் கோடையில் காய்கறி, பூச்செடிப் பாத்திகளில் ஒரு நாளில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிப் போகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். எனவே ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 6 லிட்டர் தேவை. 120 லிட்டரை 6-ஆல் வகுத்தால் 20 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ அரை சென்ட். 20 அடி நீளமும் 11 அடி அகலமும் உள்ள இடம் என்று கொள்ளலாம்.

கிணற்று நீரில் ஒரு சொட்டும் எடுக்காமல் கோடையில் நீங்கள் பசுமையாக வைத்திருக்கக்கூடிய பாத்திப் பரப்பு இவ்வளவுதான். இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அரை சென்ட் பாத்தி, அதைச் சுற்றி அன்றாடம் நீர் கேட்காத புதர்ச் செடிகள், அவற்றுக்கு அப்பால் மரங்கள் என்று மூன்று வகையாக இடத்தைப் பிரித்துக்கொண்டால், 5 சென்ட் மனையையும் அழகாக ஆக்கிவிடலாம்.

புல்தரை வேண்டுமா?

உதகமண்டலத்தில் 1848-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரசினர் தாவரவியல் பூங்காவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், அதுபோல் வீட்டு முன்னால் புல்தரை போடவேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அங்கே குளிரும் பனியும் மழையும் புல்லைக் காக்கின்றன. நம் சமவெளியில் ஒரு சென்ட் புல்தரை, அதாவது 40 சதுர மீட்டர், கோடையில் நாளொன்றுக்கு 240 லிட்டர் கேட்கும். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் 16 குடம்! அதனால் ஒரு கைப்பிடி கீரைகூட வீட்டுக்கு வராது.

நம் வீடுகளில் புல்தரைக்கு ஈடான அழகு ஏற்கெனவே இருக்கிறது. சாணம் தெளித்துப் பெருக்கிக் கோலமிட்ட வாசலே அது. அந்த வெற்றிடத்தைக் கெடுக்காமல், அதைச் சுற்றிச் செடிகளை அமைத்தால், கோலமும் எடுப்பாகத் தெரியும். செடிகளும் எடுப்பாகத் தெரியும்.

தரையிலேயே வரைபடம்

கன்று வாங்கப் போவதற்கு முன் ஒரு வாரம் வீட்டைச் சுற்றிலும் கவனித்துப் பாருங்கள். மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, நடைத் தடம். வாசலிலிருந்து தொழுவத்துக்கும், சமையலறையிலிருந்து கிணற்றடிக்கும், களத்துக்கும், எருக்குழிக்கும் நீங்கள் நடந்து நடந்து தரையில் ஒற்றையடித் தடங்கள் விழுந்திருக்கும். அவற்றின்மேல் பாத்தி போடாதீர்கள். எப்படிப் போட்டாலும் அவசரத்தில் அதை மிதித்துக்கொண்டுதான் போவீர்கள். இருக்கும் தடத்தையே 3 அடி அகலப் பாதையாக ஆக்கி, அதன் இருபுறமும் செடி வையுங்கள். தீவனக் கட்டைத் தலையில் சுமந்து வருகிறவர்களுக்கு இடிபடாத அகலம் அது. டிராக்டர் வரும் வழிக்குப் பத்தடிக்குக் குறையாமல் விடவேண்டும்.

இரண்டாவது, வெயிலும் நிழலும். காலை 9 மணி, நண்பகல், மாலை 4 மணி ஆகிய நேரங்களில் வீட்டு நிழல் எதுவரை விழுகிறது என்று முளைக்குச்சி அடித்துப் பாருங்கள். காய்கறிகளுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நல்ல வெயில் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் வடக்கே நீளும். ஆகவே பெரிய மரங்கள் பாத்திக்குத் தெற்கே இருக்கலாகாது. வடக்கேயும் மேற்கேயும் இருக்கலாம்.

மூன்றாவது, நீரோட்டம். குளியலறை நீர் எந்தப் பக்கம் தாழ்ந்து ஓடுகிறது, மழை பெய்தால் எங்கே தேங்குகிறது என்று பார்க்கவேண்டும். மேடான இடத்தில் பாத்தி போட்டுவிட்டு நீரைச் சுமந்து ஊற்றுவதைவிட, நீர் தானாக ஓடும் பக்கத்தில் பாத்தி போடுவதே அறிவுடைமை.

இவற்றை முடிவு செய்தபின், கயிறு கட்டிச் சுண்ணாம்புத் தூளால் தரையிலேயே கோடு போடுங்கள். வளைவு வேண்டுமானால் முளையில் கயிற்றைக் கட்டிச் சுற்றி வரையலாம். கோடு போட்டபின் இரண்டு நாள் நடந்து பார்த்து, இடைஞ்சல் இருந்தால் அழித்து மாற்றுங்கள். சுண்ணாம்புக் கோட்டை மாற்றுவது எளிது. நட்ட மரத்தை மாற்றுவது கடினம்.

வாசல் முகப்பு

கோலம் போடும் இடத்தை 10 அடிக்கு 8 அடியாவது காலியாக விடுங்கள். அதன் இரு புறமும் செடிகளை உயர வரிசைப்படி அமைக்கவேண்டும். சுவரை ஒட்டி உயரமான செம்பருத்தி, நந்தியாவட்டை. அதற்கு முன் இடுப்பளவு வளரும் இட்லிப்பூ. ஓரத்தில் முழங்காலுக்குக் கீழ் நிற்கும் நித்தியகல்யாணி, சோற்றுக்கற்றாழை என்று படிப்படியாக இறங்கி வந்தால் எல்லாச் செடியும் கண்ணில் படும்.

பலரும் கிடைத்த செடியையெல்லாம் வகைக்கு ஒன்றாக நட்டுவிடுகிறார்கள். பத்து வகையில் ஒவ்வொரு செடி இருப்பதைவிட, மூன்று வகையில் ஐந்தைந்து செடிகள் சேர்ந்து நிற்பது அழகாக இருக்கும். தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரே நிறம் திரளாகத் தெரிவதே அதற்குக் காரணம்.

பாதையோரம் கட்ட விலை கொடுத்து எதுவும் வாங்கவேண்டியதில்லை. உடைந்த செங்கல்லைச் சாய்த்துப் பாதி புதைத்து வரிசையாக நட்டால் பல் பல்லாக அழகாக இருக்கும். நாட்டு ஓடும் ஆற்றுக் கல்லும் ஏற்றவை. இவற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதே வெள்ளையடித்துவிட்டால், இருட்டிலும் பாதை தெரியும்.

பழைய தகரங்களையும் உடைந்த பானைகளையும் பூந்தொட்டியாக்கலாம். ஆனால் பூச்சிமருந்து இருந்த டப்பாவை மட்டும் எவ்வளவு கழுவினாலும் தோட்டத்தில் சேர்க்காதீர்கள். செடி வைக்கவும் வேண்டாம். தண்ணீர் மொள்ளவும் வேண்டாம்.

மேற்கே மரம்

வீட்டுக்கு வெப்பத்தைக் கொண்டுவருவது மாலை வெயில். மேற்குச் சுவரில் பிற்பகல் முழுவதும் ஏறிய சூடு இரவு வரை இறங்காது. ஆகவே முதல் மரத்தை மேற்கே நடுங்கள். வேம்பு, புங்கம் ஆகியவை நம் நிலத்துக்கு ஏற்றவை. சுவரிலிருந்து 20 அடி தள்ளி நடவேண்டும். இரண்டு மூன்று கோடைகள் நீர் ஊற்றிக் காப்பாற்றிவிட்டால் பிறகு நம்மை எதுவும் கேட்காது. அதன் நிழலில் தொழுவத்து மாடும் வீட்டுத் திண்ணையும் குளிரும்.

கன்றின் அருகே சூளையில் சுட்ட சாதாரண மண்பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடி வையுங்கள். பானையிலிருந்து கசியும் ஈரம் நேரே வேருக்குப் போகும். வெயிலில் ஆவியாகி வீணாவது குறையும்.

ஆல், அரசு ஆகியவற்றை வீட்டுக்கும் கிணற்றுக்கும் அருகே விடக்கூடாது. வேர் சுவரைப் பிளந்துவிடும். தென்னையைக் கூரையிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் 15 அடியாவது தள்ளி நடவேண்டும். முருங்கை வீட்டுக்கு அவசியமான மரம். ஆனால் அதன் கிளை எளிதில் முறியும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடிமரத்தில் கூட்டமாக அடையும். ஆகவே வாசலிலோ குழந்தைகள் விளையாடும் இடத்திலோ வைக்காமல் பின்புற மூலையில் வையுங்கள். விதை மூலம் வளரும் பி.கே.எம்.1 செடியை இரண்டரை அடி உயரத்தில் நுனி கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பல வெடித்து, கைக்கெட்டும் உயரத்திலேயே காய்க்கும்.

குளியல் நீரைச் செடிக்குக் கொண்டுசெல்லும் முறை

குளியலறை நீர் வெளியேறும் இடத்தில் 2 அடி நீளம், 2 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து, அடியில் உடைகல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் மணல் நிரப்புங்கள். நீர் விழும் வாயில் தேங்காய் நாரை ஒரு பழைய வலைப்பையில் கட்டி வைத்தால் முடியும் சோற்றுப் பருக்கையும் அதில் தங்கும். வாரம் ஒருமுறை நாரை மாற்றி, பழையதை எருக்குழியில் போடவேண்டும். குழியின் மேல்பகுதியில் ஒரு குழாயைப் பொருத்தி, வடிந்த நீரை வாய்க்கால் வழியாகப் பாத்திக்கு விடலாம்.

குழியை அடுத்து முதலில் நீரைக் குடிக்க வேண்டியவை கல்வாழையும் சேம்பும் வாழையும் ஆகும். கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாக ஆண்டு முழுவதும் பூக்கும். வீட்டில் அழுக்கான மூலையாக இருக்கும் இடம்தான் இதனால் தோட்டத்தின் அழகான மூலையாக மாறுகிறது. ஆனால் பப்பாளியை இங்கே நடாதீர்கள். வேரடியில் நீர் தேங்கினால் அது அழுகிவிடும்.

இந்த நீரைப் பயன்படுத்துவதில் சில கட்டுப்பாடுகள் உண்டு.

1. கழிப்பறை நீரை இதில் கலக்கக்கூடாது.

2. நீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைக்கக்கூடாது. நாற்றமெடுக்கும், கொசு வரும்.

3. கொத்துமல்லி, முள்ளங்கி போன்ற பச்சையாக உண்பவற்றுக்கும் கீரைக்கும் இந்நீர் வேண்டாம். அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் தினம் 18 லிட்டர் சேர்ந்தால், அதுவே 3 சதுர மீட்டர் கீரைப் பாத்திக்குப் போதும்.

4. துணி துவைத்த நீரில் சோடா உப்பு மிகுதி. இளஞ்செடிகளுக்கு விடாமல் தென்னை, வாழை இவற்றுக்கு மாற்றி மாற்றி விடுங்கள். மண்மேல் வெள்ளை பூத்தால் சில வாரம் நிறுத்தி, மட்கிய தொழு எருவைக் கூடுதலாக இட்டு, நல்ல நீரோ மழை நீரோ பாய்ந்து உப்பை அலச விடவேண்டும்.

காய்கறிப் பாத்தியும் கண்ணுக்கு அழகே

காய்கறிப் பாத்தியைக் கொல்லைப்புறத்தில் மறைக்கவேண்டும் என்பதில்லை. கத்தரியின் ஊதாப் பூ, வெண்டையின் மஞ்சள் பூ, சிவந்து தொங்கும் மிளகாய் இவற்றுக்கு என்ன குறை? செந்நிறத் தண்டுக்கீரையைக் கீரைப் பாத்தியின் ஓரத்தில் கரை கட்டியதுபோல் விதைத்தால் சேலைக் கரை போலவே இருக்கும். பாத்தியின் அகலம் 4 அடிக்கு மேல் வேண்டாம். அப்போதுதான் இருபுறமும் நின்று உள்ளே மிதிக்காமல் களை எடுக்கலாம்.

சமையலறைக் கதவுக்கும் கிணற்றடிக்கும் இடையில் ஆறரை அடி உயரத்தில் ஒரு பந்தல் போடுங்கள். கோவைக் கொடியைத் தண்டு மூலம் ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் காய்க்கும். புடல், பீர்க்கன், அவரை ஆகியவற்றைப் பட்டம் பார்த்து ஏற்றலாம். ஊதாப்பூ அவரையும் நீலச் சங்குப்பூவும் ஒரே பந்தலில் பூத்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். பாத்திரம் கழுவும் இடத்துக்கு நிழலும் கிடைக்கும். தோட்டத்து அழகை அதிக நேரம் அனுபவிக்க வேண்டியவர்கள் அங்கே வேலை செய்யும் பெண்கள்தானே!

வீட்டுக்கு இரண்டு பப்பாளி போதும். பால் தனித்தனியாக உள்ள இரகங்களை வைத்தால் இரண்டும் ஆண் மரமாகவே போய்விடக்கூடும். இருபால் பூக்கள் தரும் கோ.7 போன்ற இரகத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கவலை இல்லை.

தலைக்கும் பூசைக்கும் பூ

குண்டுமல்லி நான்கு செடி இருந்தால் வீட்டுக்குப் போதும். நாலடி இடைவெளியில் நட்டு, குழிக்கு 10 கிலோ தொழு எரு இடுங்கள். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்துச் செய்தால், வெயில் காலத்தில் புதுத் தளிரில் மொட்டு நிறைய வரும். கவாத்துச் செய்யாமல் விட்டால் புதராகிப் பூ குறைந்துவிடும்.

கனகாம்பரம் அரை நிழலிலும் வளரும் செடி. ஆரஞ்சு நிற டெல்லிக் கனகாம்பரம் விதை பிடிக்காது. நுனித் தண்டை வெட்டி வேர்பிடிக்க வைத்துத்தான் பெருக்கவேண்டும். கனகாம்பரத்தை நூற்புழு தாக்கும். ஆகையால் அந்த இடத்தில் முதல் பருவத்தில் செண்டுமல்லி பயிரிட்டு, பிறகு கனகாம்பரம் நடுவது நன்று. செண்டுமல்லியின் வேரில் நூற்புழுவைக் கட்டுப்படுத்தும் பொருள் இருக்கிறது.

கோடையில் நிறம் வேண்டுமானால் நீர் கேட்கும் செடிகளைத் தேடவேண்டாம். காகிதப்பூ வறட்சியில்தான் இலை தெரியாமல் பூக்கும். முள் இருப்பதால் பாதையிலிருந்து தள்ளி, வேலியோரம் ஏற்றுங்கள். நித்தியகல்யாணி, வாடாமல்லி, ஆவாரை ஆகியவையும் வெயிலைப் பொறுக்கும். செம்பருத்தி, மருதாணி போன்றவற்றை விலைக்கு வாங்கவேண்டியதில்லை. மழைக்காலத்தில் பென்சில் பருமனுள்ள தண்டை அரையடி நீளத்தில் வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்குமாறு சாய்த்து நட்டால் வேர்விடும். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி, நம் வீட்டுச் செடியில் ஒரு தண்டைப் பதிலுக்குக் கொடுங்கள். ஒரே ஆண்டில் ஊர் முழுவதும் பூச்செடி பரவிவிடும்.

வேலி

காங்கயம் பகுதிக் கொரங்காடுகளைச் சுற்றியுள்ள கிளுவை வேலியை நீங்கள் அறிவீர்கள். அதே கிளுவையை வீட்டைச் சுற்றி நெருக்கமாக நட்டு, ஆண்டுக்கு இரண்டு முறை நெஞ்சளவில் சமமாக வெட்டிவிட்டால் சுவர் போல நிற்கும். வெட்டிய தழை ஆட்டுக்கு ஆகும். ஆடு புகும் தெருவோரத்தில் ஆடாதொடையும் நொச்சியும் நடலாம். இரண்டையும் ஆடு கடிக்காது. நொச்சித் தழை மாலையில் மூட்டம் போடவும் உதவும்.

நச்சுச் செடிகள்

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. அழகுக்காகப் பலர் வாசலில் அரளி வைக்கிறார்கள். அரளியின் இலை, தண்டு, பூ, வேர் அனைத்தும் நஞ்சு. மஞ்சள் அரளியின் கொட்டை உயிரைக் குடிக்கக்கூடியது. குழந்தைகள் உள்ள வீட்டிலும் மாடு கட்டும் இடத்திலும் இவை வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே இருந்தால், கவாத்துச் செய்த தழையை மாடு மேயும் இடத்தில் போடாதீர்கள்; காய்ந்த தழையிலும் நஞ்சு குறையாது. அடுப்பிலும் எரிக்காதீர்கள், புகையும் தீங்கு செய்யும்.

ஊமத்தை, குன்றிமணி, ஆமணக்கு ஆகியவற்றின் விதைகளும் நஞ்சே. நித்தியகல்யாணியும் கால்நடைக்கு ஆகாது. அதை மாட்டுக்கு எட்டாத வாசல் பக்கத்தில் மட்டும் வையுங்கள். திருகுக்கள்ளியின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. உண்ணிச்செடி பல நிறத்தில் பூக்கும். ஆனால் அதைத் தின்ற மாட்டுக்கு நோய் வரும். காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் பரவிப் புல்லை அழித்துவிடும். தவறிப்போய்க் குழந்தை நச்சுக் காயைத் தின்றுவிட்டால் கைவைத்தியம் செய்துகொண்டு நேரத்தைப் போக்காமல், தின்ற காயையோ இலையையோ கையோடு எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

பாம்பு, கொசு, பூச்சி

வாசலை ஒட்டிய புதர்ச் செடிகளின் அடிக்கிளைகளைத் தரையிலிருந்து ஓரடி வரை வெட்டிவிடுங்கள். அடியில் தரை தெரிந்தால் பாம்பு படுத்திருந்தாலும் கண்ணில் படும். விறகு, செங்கல், ஓடு ஆகியவற்றைச் செடிகளுக்கு இடையில் குவிக்காதீர்கள். இருட்டில் தோட்டத்துக்குப் போகும்போது கைவிளக்கும் காலில் செருப்பும் வேண்டும்.

பூந்தொட்டியின் அடித்தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் இவற்றில் தேங்கும் தெளிந்த நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகையால் வாரம் ஒரு நாள் குறித்துக்கொண்டு எல்லாத் தட்டையும் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைக்க வேண்டும்.

செம்பருத்தியிலும் பப்பாளியிலும் வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவி உழவர்களை வாட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். மருந்தடித்து அடங்காத அந்தப் பூச்சியை, 2010-இல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கி விடப்பட்ட மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. வீட்டுத் தோட்டத்தில் கடும் நஞ்சைத் தெளித்தால் இத்தகைய நல்ல பூச்சிகளே முதலில் சாகும். நாம் உண்ணும் கீரையிலும் நஞ்சு படியும். தாக்கிய நுனியைக் கிள்ளி எரித்துவிட்டு, நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அதற்கும் போகாவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, முதலில் நாலைந்து இலையில் தெளித்துப் பார்த்து, கருகாவிட்டால் மாலை வேளையில் செடி முழுவதும் தெளிக்கலாம்.

கூரை நீர்

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. அதைச் சட்டத்துக்காக மட்டும் செய்யாமல் தோட்டத்துக்காகவும் செய்யுங்கள். 600 சதுர அடிக் கூரை என்பது ஏறக்குறைய 56 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் 560 லிட்டர் விழுகிறது. ஆண்டுக்கு 650 மில்லிமீட்டர் பெய்யும் ஊரில், சேதாரம் ஐந்தில் ஒரு பங்கு போக, 29 ஆயிரம் லிட்டர் கிடைக்கும். தொட்டி கட்ட வசதியில்லாதவர்கள் கூரை நீரை மரத்தடி வட்டப் பாத்திகளுக்குத் திருப்பிவிட்டாலே போதும். மண்ணே தொட்டியாக இருந்து சேமிக்கும். தென்னை வட்டப்பாத்தியில் தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே இருக்குமாறு அடுக்கிப் புதைத்தால் ஈரம் நெடுநாள் தங்கும்.

ஆண்டு முழுவதும் செய்யவேண்டியவை

ஆடி: நிலத்தைக் கொத்தி எருவிட்டுக் காய்கறி, பந்தல் கொடி, செண்டுமல்லி விதைக்கவும்.

ஐப்பசி: மரக்கன்று நடவும், தண்டு வெட்டி வைக்கவும் ஏற்ற மாதம். வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடித்துவிடும்.

கார்த்திகை: மாதத்தின் முதல் இரண்டு வாரத்தில் குண்டுமல்லிக் கவாத்து. வேலியையும் வெட்டிச் சீர்ப்படுத்தவும்.

தை: கீரையும் கோடைக்கேற்ற வெண்டை, கொத்தவரையும் விதைக்கவும். பரப்பு உங்கள் தண்ணீர்க் கணக்கைத் தாண்டவேண்டாம்.

மாசி, பங்குனி: எல்லாச் செடிகளுக்கும் காய்ந்த சருகு, கரும்புத் தோகை, நிலக்கடலைத் தோல் ஆகியவற்றை நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காக இடவும்.

சித்திரை, வைகாசி: புதிதாக எதையும் நடவேண்டாம். இருப்பதைக் காத்தால் போதும். ஐப்பசியில் நடவிருக்கும் மரத்துக்கு இப்போதே குழி எடுத்து வெயில் காயவிடவும்.

பெருமக்களே, இவை அனைத்தையும் ஒரே ஆண்டில் செய்துவிட முயலவேண்டாம். முதல் ஆண்டில் தண்ணீர்க் கணக்குப் போட்டு, வடிகுழி எடுத்து, கல்வாழையும் மேற்கே ஒரு வேம்பும் வையுங்கள். இரண்டாம் ஆண்டில் பந்தலும் மல்லிகையும். மூன்றாம் ஆண்டில் வேலியும் முகப்பும். இப்படி வளரும் தோட்டம் குடும்பத்தின் உழைப்பை மீறிப் போகாது.

இந்த வேலையைத் தொடங்குமுன் வீட்டில் உள்ள பெண்களை உட்காரவைத்து, எங்கே நிழல் வேண்டும், எந்தப் பாதையில் இடைஞ்சல், எந்தப் பூ வேண்டும் என்று கேளுங்கள். வரும் சித்திரையில் உங்கள் தோட்டத்துக்காக ஒரு குடமும் யார் இடுப்பிலும் ஏறாமல் இருந்து, அப்போதும் வாசலில் நாலு பூ பூத்திருந்தால், தோட்டத்தைச் சரியாக அமைத்துவிட்டீர்கள் என்று பொருள்.